ஆபீஸ் ஸ்டோர் ரூமிலிருந்து மாணவர் கைக்கு: பழைய லேப்டாப்பை முறையாக வாங்கிக் கொடுப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புகளையும் கம்பெனிகள் ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. கோவை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியோ, திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸோ, பெருந்துறை சிப்காட் மில்லோ, எங்கே கேட்டாலும் ஸ்டோர் ரூமில் நாலைந்தாவது இருக்கும். தாளவாடியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளோ புராஜெக்ட் ரிப்போர்ட்டைக்கூட போனிலேயே டைப் அடிக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க நினைக்கிற சின்ன அறக்கட்டளைகள், முன்னாள் மாணவர் சங்கங்கள், இளைஞர் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

லேப்டாப் கேட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. வாங்கியதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இருக்கிற வேலைதான் பெரிது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஓடாத மெஷினை ஏழைப் பிள்ளை தலையில் கட்டினதாக ஆகிவிடும்.

முதல் படி: யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

கம்பெனி வாசலுக்குப் போகும் முன்பே பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஊர் முழுக்க அறிவிக்காதீர்கள். ஒரு கல்லூரி, ஒரு ஹாஸ்டல், அல்லது ஒரு கிராம நூலகம் என்று ஆரம்பியுங்கள். கல்லூரியில் என்.எஸ்.எஸ். அலுவலரைப் பாருங்கள், யார் வீட்டு நிலைமை என்ன என்பது அவருக்குத் தெரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள் அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படித்து வந்தவர்கள். அரசின் லேப்டாப் ஏற்கெனவே கிடைத்தவர்களைக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களிலிருந்து தேடத் தொடங்கலாம்.

ஒவ்வொருவரிடமும் என்ன படிக்கிறார், எந்த மென்பொருள் வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். பி.காம். படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எழுதுகிற மென்பொருளான டேலி வேண்டும். திருப்பூர், கரூர் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனால் முதலில் கேட்பதே அதைத்தான். டேலி பிரைம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அதனால் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான மெஷின்களை இவர்களுக்கென்று எடுத்து வையுங்கள். டேலியைப் படிப்பதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டாம், எஜுகேஷனல் மோடு இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும். தமிழ் இலக்கியம், வரலாறு, அடிப்படை புரோகிராமிங் படிப்பவர்களுக்குப் பழைய தலைமுறை மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தால் தாராளம். கம்ப்யூட்டரில் வடிவமைப்பு வரைகிற (CAD) எஞ்சினியரிங் மாணவருக்கு இந்த லேப்டாப்புகள் பெரும்பாலும் பத்தாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: பேப்பர் வேலை

பதிவு செய்த டிரஸ்ட்டோ சொசைட்டியோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பின் பெயரில் செய்யுங்கள்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பற்றித் தெளிவாக இருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் பழைய லேப்டாப்புக்கு ஒரு விலை போட்டு அதை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. பணமாகச் செலவழித்தது மட்டும்தான் சேரும். வருமான வரியில் நன்கொடைக்கான கழிவும் (80ஜி என்று சொல்லிப் பழகியது) பணமாகக் கொடுத்தால்தான், பொருளுக்குக் கிடையாது. "வரிச் சலுகை கிடைக்குங்க" என்று தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டால் ஆடிட்டரிடம் போகும்போது பேச்சு முறிந்துவிடும். பேட்டரி, எஸ்.எஸ்.டி. (சுழலாத, வேகமான டிஸ்க்), பயிற்சி ஆகிய செலவுகளுக்குப் பணமாகக் கேளுங்கள். அது சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வர வேண்டுமென்றால் உங்கள் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு இருக்க வேண்டும். லேப்டாப்பைத் தனியாக நன்கொடையாக வாங்குங்கள்.

மூன்றாம் படி: கம்பெனியிடம் பேசுவது

எம்.டி.யைப் பார்த்தால் "கொடுத்துடலாமுங்க" என்பார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நகராது. சிஸ்டம் அட்மினையும் அக்கவுண்ட்ஸ் மேனேஜரையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிகள் சட்டக் கணக்கில் லேப்டாப்பின் ஆயுள் 3 ஆண்டு. அதன் பிறகு புத்தக மதிப்பு பெரிதாக ஒன்றும் இருக்காது. மார்ச் கணக்கு முடிப்புக்கு முன்பு, சொத்துப் பட்டியலைச் சரிபார்க்கிற ஜனவரி, பிப்ரவரியில் போனால் காரியம் நடக்கும். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி எடுத்த பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வரிக் கணக்கு உண்டு என்பதால், அவர்கள் ஆடிட்டரிடம் கேட்க நேரம் கொடுங்கள்.

அட்மின் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டேட்டா வெளிய போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" நியாயமான பயம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. அதற்கு நீங்கள் கொடுக்கிற பதில்தான் அடுத்த படி.

நான்காம் படி: டேட்டாவை அழிப்பது

இதைக் கம்பெனி வளாகத்திலேயே, அவர்கள் ஆள் முன்னாலேயே செய்யுங்கள். அழிக்காத ஒரு லேப்டாப்கூட கேட்டைத் தாண்டக் கூடாது.

ஃபார்மேட் செய்வது அழிப்பது ஆகாது. ஃபைல்களின் அட்டவணைதான் போகும். உள்ளே இருப்பதை இலவச மென்பொருள் வைத்தே மீட்டுவிடலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஷ்ரெட்ஓ.எஸ். (ShredOS) என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, டிஸ்க் முழுவதும் ஒருமுறை மேலெழுதுங்கள். இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒருமுறை போதும், ஏழு முறை தேவையில்லை. ஆனால் நேரம் பிடிக்கும். சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்பதுதான் வழக்கம்.

எஸ்.எஸ்.டி.க்கு இந்த வழி சரிவராது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக எஸ்.எஸ்.டி. தன் செல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும், அதனால் மேலெழுதினாலும் சில இடங்கள் தப்பிவிடும். டிஸ்க்கின் சொந்த 'செக்யூர் எரேஸ்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் போன்ற ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் இது பயாஸுக்குள்ளேயே (லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை மென்பொருள்) இருக்கிறது.

முடிந்ததும் லேப்டாப் சீரியல் எண், டிஸ்க் சீரியல் எண், அழித்த முறை, தேதி, இரண்டு பக்கக் கையெழுத்து என்று ஒரு தாள் எழுதுங்கள். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. "டிஸ்க்கை நாங்களே கழட்டி வெச்சுக்கிறோமுங்க" என்று சொன்னால் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள். புதிதாக 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டால் அந்தப் பழைய மெஷினுக்கே வேகம் வந்துவிடும்.

ஐந்தாம் படி: பூட்டும் பழுதும்

வண்டியில் ஏற்றும் முன் பயாஸ் பாஸ்வேர்டை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பூட்டு. பல கம்பெனிகள் லேப்டாப்பைத் தங்கள் பெயரில் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிவு செய்திருப்பார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்ததும், திரையில் அந்தக் கம்பெனி பெயர் வந்து அவர்கள் ஆபீஸ் மெயில் ஐ.டி.யைக் கேட்டால் இன்னும் பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். அட்மின் தன் பக்கத்தில் பதிவை நீக்கினால்தான் விடும். லினக்ஸ் போட்டால் இது தெரியவே தெரியாது. ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை விண்டோஸ் போடும்போது வந்து நிற்கும். ஆகவே எல்லா மெஷினிலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மேக்புக் என்றால் ஆப்பிள் கணக்கோடு இணைந்த ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டை நீக்கச் சொல்லுங்கள்.

பிறகு லேப்டாப்பைச் சமமான மேஜையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடக் கூடாது, நெம்பக் கூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கை வைத்து உடனே கழற்றுங்கள்.

சார்ஜரை விட்டுவிட்டு வருவது யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டுகிற கதை. மெஷினோடு வந்த அதே சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள். டெல் சார்ஜரின் நடு ஊசிதான் அது எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும். அந்த ஊசி வளைந்தாலோ, வேறு சார்ஜரை மாட்டினாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். வாங்கினவர் மெஷினே போச்சு என்று நினைத்து மூலையில் போட்டுவிடுவார்.

ரேம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்குங்கள். கோவை காந்திபுரம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் விசாரித்து, மொத்தமாக வாங்குகிறோம் என்று பேசினால் விலை குறைப்பார்கள்.

ஆறாம் படி: மென்பொருள்

திருட்டு விண்டோஸ் வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலும் லைசென்ஸ் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். பழைய தலைமுறைக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். லிப்ரே ஆபீஸ் அதிலேயே வரும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்து, ஒரு பக்கம் தமிழில் டைப் செய்து பார்த்துவிட்டே பெட்டியில் வையுங்கள். தமிழில் டைப் செய்கிற வேலைக்குப் போகப்போகிறவர்களுக்கு அது உதவும்.

ஏழாம் படி: கொடுப்பதும், அதன் பிறகும்

மேடை போட்டு, பேனர் கட்டி, வாங்குகிறவரை நிற்கவைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். கம்பெனிக்குப் படம் வேண்டுமென்றால் பயிற்சி வகுப்பைப் படம் எடுங்கள், அதுவும் கேட்டுவிட்டு. அன்றைக்கு அப்பா அம்மாவையும் வரச் சொல்லுங்கள். "இதை விக்கலாங்களா, அடகு வெக்கலாங்களா?" என்று அவர்களே கேட்பார்கள். கூடாது என்பதை ஒப்புதல் தாளிலும் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து மெயில், ஃபைல் சேமிப்பது, ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் கற்றுக்கொடுங்கள்.

ஒரு வருஷத்துக்கு ஒரு போன் நம்பர் கொடுங்கள். எடுக்கிற ஆளாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் முறை வைத்துப் பார்த்தால் அவர்களுக்கும் அது பயிற்சி. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் நீங்களே கூப்பிட்டு, ஓடுகிறதா என்று கேட்டு, சீரியல் எண் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்களை மறைத்து அந்தப் பட்டியலைக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

ஓடாமல் போனவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். குறைந்தது 1,000 மின்சாதனங்களைப் பயன்படுத்துகிற பெரிய கம்பெனி என்றால், 2022 மின்கழிவு விதிகளின்படி கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஆரம்பத்திலேயே பதிவு பெற்ற ஒரு ரீஃபர்பிஷரையும் (பழைய மெஷினைச் சரிசெய்து புதுப்பிக்கிறவர்) ஒப்பந்தத்தில் சேர்த்து, பழுது பார்க்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.