மாற்று சிகிச்சைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடலில் தேங்கிய நஞ்சை எடுக்கிறோம் என்றோ, உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் மறைந்திருக்கிறது, அதைப் போக்குகிறோம் என்றோ எவரேனும் சொன்னால், கொடுக்கப்படும் மருந்தின் பெயரையும் அளவையும் முதலில் எழுத்தில் கேளுங்கள்; மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

அந்தத் தாளுடன் புதுச்சேரி ஜிப்மர் அல்லது கடலூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்லுங்கள். உலோகங்களை வெளியேற்றுவதாகச் செலுத்தப்பட்ட கீலேஷன் மருந்தால், 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவன், இரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்தான். அற்புதக் கரைசல் என விற்கப்படும் குளோரின் டை ஆக்சைடு வெளுக்கப் பயன்படும் வேதிப்பொருள், மருந்தன்று. பற்பம், செந்தூரம் கொடுத்து வந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; நாட்டு மருந்து தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் சற்று அதிகம், ஆனால் அவற்றில் சில பாதரசம், ஈயம் கொண்டவை.

லைம் நோய் உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி, இங்கு அரிது. அது ஆட்டிசத்தை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. உறுதிசெய்யப்பட்ட நோய்க்கே பெரும்பாலும் 2 முதல் 4 வார ஆன்டிபயாட்டிக் போதுமானது என்பதால், மாதக்கணக்கில் ஊசி போடச் சொல்பவரிடம் எந்த ஆய்வகம், எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள்.

வலிப்பு மருந்தை எவர் சொன்னாலும் திடீரென நிறுத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சியையும் அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையையும் இடைவிடாமல் தொடருங்கள். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.