புரத உணவும் என்சைம் கேப்சூலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தசை வளர்ப்பதற்காகப் புரதத்தைக் கூட்டிய சில வாரங்களில் வயிறு உப்பி, ஏப்பமும் நாற்றமடிக்கும் வாயுவும் வரத் தொடங்கினால், "இவ்வளவு புரதம் எனக்குச் செரிக்கவில்லை" என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். ஜிம்மில் யாராவது செரிமானத்துக்கான ஒரு என்சைம் (நொதி) கேப்சூலின் பெயரைச் சொன்னால் போதும், வாங்கிவிடுவார்கள். செரிக்காமல் கிடந்தது புரதம்தானா என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் அது புரதமாக இருப்பதில்லை. இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற என்சைமும் தொடங்கிவைக்கும் புரதச் செரிமானத்தைக் கணையத்தின் என்சைம்களான டிரிப்சினும் கைமோடிரிப்சினும் தொடர்கின்றன. சிறுகுடல் சுவரிலுள்ள என்சைம்கள் முடித்துவைக்கின்றன. ஆரோக்கியமான உடம்பில் முட்டை, பால், இறைச்சிப் புரதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படியே உறிஞ்சப்பட்டுவிடும். கணையத்துக்குக் கையிருப்பும் தாராளம். கொழுப்பு செரிக்காமல் மலத்தில் கழிய வேண்டுமென்றால், கணையத்தின் என்சைம் சுரப்பு சுமார் 10 சதவீதத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும். அதனால் புரோட்டீஸை (புரதத்தை உடைக்கும் என்சைம்) வெளியிலிருந்து சேர்த்தால் தசை கூடுதலாக வளரும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பால் சர்க்கரையான லாக்டோஸை. பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடரான, 80 சதவீதம் புரதமுள்ள வே கான்சென்ட்ரேட்டில் பொதுவாக 4 முதல் 8 சதவீதம் லாக்டோஸ் இருக்கும். 30 கிராம் ஸ்கூப்புக்கு அது 1.2 முதல் 2.4 கிராம்தான், தனியாக அது பெரிய தொல்லை தராது. அதே ஸ்கூப்பை 300 மில்லி பாலில் கலக்கும்போது பாலே சுமார் 14 கிராம் லாக்டோஸைக் கொண்டுவந்துவிடுகிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்குவார்கள், அதைத் தாண்டினால் உப்புசம். பவுடரைத் திட்டுகிறோம், குற்றவாளி பாலாக இருக்கிறது! இங்கே புரோட்டீஸ் எத்தனை போட்டாலும் பயனில்லை, லாக்டோஸை உடைக்கும் என்சைமான லாக்டேஸ்தான் வேண்டும்: முதல் மடக்கோடு 3,000 முதல் 9,000 எஃப்.சி.சி. யூனிட் (லாக்டேஸின் செயல்பாட்டை அளக்கும் அலகு). "பல என்சைம் கலவை" என்று விற்கும் கேப்சூல்களில் லாக்டேஸ் சில நூறு யூனிட் மட்டும் இருப்பதுண்டு; பெயருக்குத்தான் அது. மாத்திரையே வேண்டாம் என்றால் தண்ணீரில் கலக்கலாம், அல்லது லாக்டோஸ் மிகக் குறைந்த, கூடுதலாகச் சுத்திகரித்த வே பவுடரான ஐசொலேட்டுக்கு மாறலாம்.

தாவரப் புரதத்தை நம்புகிறவர்களுக்குக் கதை வேறு. பயறு, கொண்டைக்கடலை, சோயாவிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. இதற்குப் பொருந்துவது, இந்தச் சர்க்கரைகளை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற என்சைம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும் ஓரளவு உதவும். புரத பார்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிட்டால், சார்பிட்டாலையோ, பவுடரைக் கெட்டியாக்கும் கம் வகைகளையோ இந்தக் கேப்சூல்கள் எதுவும் தொடாது. பாரை நிறுத்துவதுதான் வழி.

அடுத்த தவறு, லேபிளில் மில்லிகிராமைப் பார்ப்பது. 200 மி.கி. புரோமலைன் (அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோட்டீஸ்) என்பது எவ்வளவு வேலை செய்யும் என்பதைச் சொல்லாது. என்சைமின் வீரியம் செயல்பாட்டு யூனிட்டில்தான் தெரியும்: பூஞ்சைப் புரோட்டீஸுக்கு எச்.யு.டி., புரோமலைனுக்கு ஜி.டி.யு., லாக்டேஸுக்கு எஃப்.சி.சி. இவை வெவ்வேறு சோதனைகளின் அளவைகள், ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியாது. ஒவ்வொரு என்சைமின் யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டாமல் கலவையின் மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், அந்த டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நேரத்திலும் பலர் சறுக்குகிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வயிறு உப்பிய பிறகு போடுவதால் பெரிதாகப் பயனில்லை. என்சைம் உணவோடு கலக்க வேண்டும். முதல் கவளத்தோடு போடுங்கள், சாப்பாடு நீண்டால் பாதியில் இன்னொன்று. கேப்சூலைப் பிரித்து ஷேக்கில் கொட்டிவைப்பதும் கூடாது: புரோட்டீஸ் பாட்டிலுக்குள்ளேயே புரதத்தை உடைக்கத் தொடங்கிவிடும், ஷேக் கசக்கும், தூள் பட்டால் உதடும் வாயும் எரியும். கொதிக்கும் பானத்தில் போட்டால் என்சைம் செத்துவிடும்.

சில நேரம் கோளாறு அளவில் இருக்கிறது. தசை வளர்ச்சிக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் பெரும்பாலோருக்குப் போதும். 70 கிலோ எடைக்கு அது 112 கிராம், நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28. 60 கிராமிலிருந்து ஒரே நாளில் 160-க்குத் தாவிவிட்டு, தட்டிலிருந்து காய்கறியையும் முழுதானியத்தையும் தள்ளிவைத்தால் மலச்சிக்கலும் உப்புசமும் வரத்தான் செய்யும். வாரத்துக்கு 20 கிராம் என்று ஏற்றுங்கள், நார்ச்சத்தை நாளைக்கு 25 முதல் 30 கிராமில் வைத்திருங்கள். ஷேக்கின் நுரை அடங்கட்டும், பிறகு குடியுங்கள்; விழுங்கும் காற்றும் ஏப்பம்தான்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பாலை நிறுத்தி, பவுடரை மாற்றி, மாத்திரையும் தொடங்கினால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

இயற்கையானது என்பதால் பாதிப்பில்லை என்று எண்ண வேண்டாம். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோமலைன், பப்பைன் (பப்பாளியிலிருந்து எடுக்கும் புரோட்டீஸ்) பக்கம் போகக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே அவற்றை நிறுத்துவது வழக்கம். அன்னாசி, பப்பாளி, லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இவை ஆபத்து. சில கலவைகளில் சேரும் பீட்டெய்ன் எச்.சி.எல். ஓர் அமிலம், இரைப்பைப் புண் இருப்பவர்களுக்கு ஆகாது. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ், நீரிழிவு மருந்தான அகார்போஸின் வேலையைக் கெடுக்கலாம். கேலக்டோசீமியா (கேலக்டோஸ் சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்களுக்கும் அது கூடாது.

மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு — இவை இருந்தால் கேப்சூலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். கணையச் சுரப்பை அறிய, கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற என்சைமை மலத்தில் அளப்பார்கள். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு இருக்கலாம். மாதிரி தண்ணீராக இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும், ஆகவே கெட்டியான மலத்தையே சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.