மாம்பழத்தைச் சந்தேகிக்கிறோம், மரத்தடிக் கீரையை விட்டுவிடுகிறோம்

பட்டறையோ பேட்டரிக் கடையோ இருந்த மனையில் வீடு கட்டி மாங்கன்று வைத்தவர்கள் முதலில் கேட்பது, "இந்தப் பழத்தைத் தின்னலாமா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. பயப்பட வேண்டிய இடம்தான் வேறு.

அப்படிப்பட்ட மனையின் மண்ணில் தங்கிவிட்ட ஈயம் என்ற நச்சு உலோகம் வேருக்குள் நுழைந்தாலும் பெரும்பகுதி வேரின் செல்சுவர்களிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தப்பி மேலேறுவது தண்ணீரோடு சேர்ந்து இலைக்குப் போகும்; தண்ணீரை அதிகம் ஆவியாக்குவது இலைதானே. பழம் வளர்வதோ பெரும்பாலும் இலையிலிருந்து சர்க்கரை கொண்டுவரும் வேறொரு குழாய் வழியாக. அதில் ஈயம் அவ்வளவாக நகராது. காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் இவ்வளவு சாது இல்லை, ஆனாலும் பழத்தைவிட இலையில்தான் அதிகம் சேரும். ஆக, பழத்தை ஒதுக்கிவிட்டு அதே மண்ணில் முளைத்த கீரையைக் கடைவதும், முள்ளங்கி பிடுங்குவதும் தலைகீழான ஜாக்கிரதை. பரங்கி போடுவதிலும் யோசனை வேண்டும்: டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தின் எச்சத்தை மற்ற பயிர்கள் பெரிதாக எடுக்காது, பரங்கி இனம் வேர் வழியாகவே இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில் ஈயமும் ஆர்சனிக் என்ற நஞ்சும் கலந்த ஈய ஆர்சனேட் பூச்சிமருந்தைப் பல பத்தாண்டுகள் தெளித்தார்கள். டிடிடி வந்தபின் அது குறைந்தது. முறையான தடை 1988இல்தான். மரங்களை வெட்டி மனை போட்ட பிறகும் மேல்மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் அப்படியே இருக்கின்றன. அங்கே அதிகாரிகள் கவலைப்படுவது ஆப்பிளைப் பற்றி அல்ல, மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளைப் பற்றி.

இந்த இரட்டை நஞ்சில் ஒரு விஷமம் உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஈயத்தைக் கட்டிப்போடும் என்று கேள்விப்பட்டு சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டுவார்கள். ஈயத்துக்கு அது சரி. ஆர்சனிக் உள்ள மண்ணில் அதே மணிச்சத்து ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை அவிழ்த்துவிடும். எது இருக்கிறது என்று தெரியாமல் மருந்து போடாதீர்கள்.

தெரிந்துகொள்ள மண்வள அட்டை போதாது. அதிலுள்ள 12 விவரங்களில் தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் துத்தநாகம், அமில கார நிலை வரை இருக்கும். ஈயமோ ஆர்சனிக்கோ இருக்காது. "அட்டையில் எல்லாம் நல்லா இருக்கு" என்பது இந்த விஷயத்தில் பதிலே இல்லை. கன உலோகப் பரிசோதனையை ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அட்டையிலுள்ள அமில கார எண்ணை மட்டும் பார்த்து வையுங்கள்: மண் புளிக்கப் புளிக்க, அதாவது அமிலம் கூடக் கூட, ஈயமும் காட்மியமும் கரைந்து வேருக்கு எளிதாகும். கந்தகம் போட்டு மண்ணைப் புளிக்கவைக்கும் யோசனையை இப்படிப்பட்ட மனையில் கைவிடுங்கள்.

சாலையோர மரத்தில் நஞ்சு நுழைய வேரைவிடக் காற்றே பெரிய வாசல். புழுதி கழுவினால் போய்விடும். வண்டிப் புகையிலும் குப்பை எரிப்பதிலும் வரும் எண்ணெய்ப்பசை நஞ்சுகள் தோலின் மெழுகில் ஊறிவிடுவதால் தண்ணீருக்கு முழுதாக அசையாது. மாம்பழத்தைத் தோல் சீவித் தின்னலாம். தோலோடு போடும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு மட்டும் வேறு மரம் பாருங்கள்.