ஐடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மே, ஜூன் வந்தால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் கம்பெனியில் இருந்தவர்கள். "போதும் சார், ஸ்கூலுக்கு வந்துடலாம்னு இருக்கேன். பி.எட். எங்க சேரலாம்?" என்று கேட்பார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்து, கேம்பஸில் தேர்வாகி ஐடிக்குப் போய், இப்போது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இப்படி ஆட்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் அன்று செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சம்பளம் குறையும், சேமிப்பு வேண்டும், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பாடம் என்று பார்க்காமல் சேர்வது

கணினி படித்தவர் கணினி ஆசிரியராகத்தானே ஆவார் என்று நினைத்து, பி.எட். கணினி அறிவியலில் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணினி அறிவியல் தேர்வுக்குரிய தனிப்பாடமாக வருவது பதினொன்றாம் வகுப்பில்தான். அந்த வகுப்புகளுக்குக் கணினிப் பயிற்றுநர்களை எடுக்க 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) தேர்வு வைத்தபோது, முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்டது. கீழ் வகுப்புகளிலும் பணியிடம் வேண்டும் என்று பி.எட். கணினி அறிவியல் முடித்தவர்கள் பல வருடங்களாகக் கோரிக்கை வைத்துப் போராடி வருகிறார்கள். சேரும் முன் அவர்களில் ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள்.

பி.இ. முடித்தவர்கள் பி.எட். படித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கலாம் என்று 2019 இறுதியில் அரசு அனுமதித்தது. சரி, உங்கள் பட்டம் எதில் சேரும்? டி.ஆர்.பி.யின் கடைசி அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் பட்டம் அங்கே கேட்கும் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை உண்டா என்று தேடுங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் போதும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கதை வேறு. அங்கே ஒன்பது, பத்தில் தகவல் தொழில்நுட்பமும் செயற்கை நுண்ணறிவும் திறன் பாடங்களாகவே இருக்கின்றன. உங்கள் அனுபவத்துக்கு அங்கே இடமுண்டு.

கல்லூரிக்குப் போகாமலே பி.எட். வாங்குவது

இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. "சேர்ந்துக்கோங்க, வரவேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அதற்குத் தனியாகப் பணமும் கேட்பார்கள். கம்பெனி வேலையை விடாமலே பட்டம் கைக்கு வந்துவிடும் என்பதால் ஐடிக்காரர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள்.

பி.எட். இரண்டு வருடப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிகளின்படி, அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியோடு இருக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். தத்துவமும் உளவியலும் புத்தகத்தைப் பார்த்து நீங்களே படித்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளி வாரங்களை அப்படிப் படிக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி, சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருந்தவர், இப்படித்தான் பட்டம் வாங்கினார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு கொடுத்தார்கள். இயற்கணிதம் விறுவிறுவென்று போனது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்றது. முதல் தேர்வில் பாதிப் பேர், (a+b)² என்றால் a²+b² என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் படிக்கவில்லை என்று நினைத்துத் திட்டினார், பெற்றோரை வரச் சொன்னார், இன்னும் வேகமாகத் திரும்ப நடத்தினார். அரையாண்டு விடுமுறையோடு வேலையை விட்டுவிட்டார்.

பயிற்சிக்குப் போயிருந்தால், வகுப்பின் உண்மையான ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எழுதியிருப்பார். பலகையைப் பார்த்தபடியே பேசுகிறீர்கள், முன்வரிசையில் நாலு பேரை மட்டும் கேட்கிறீர்கள், "புரிஞ்சுதா"வைத் தவிர வேறு கேள்வியே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். எனக்குச் சொன்னார்கள். அடுத்த நாள் ஒரு பையனை எழுப்பி, a-க்கு 2, b-க்கு 3 போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார் அந்தத் தோழி. ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13. அப்புறம் பலகையில் ஒரு சதுரம் வரைந்து நாலாகப் பிரித்தால், விட்டுப்போன 2ab எங்கே என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஆனால் வகுப்பில் நின்று பழகாமல் வராது.

பயிற்சியில் நீங்கள் சொதப்பினால் மறுநாள் அந்த ஆசிரியர் வந்து திரும்ப நடத்திவிடுவார். வேலைக்குச் சேர்ந்தபின் அப்படி யாரும் வரமாட்டார்கள். நம் தோழிக்குப் பணமும் இரண்டு வருடமும் போயின. அந்த வகுப்புப் பிள்ளைகள் அரைகுறை இயற்கணிதத்தோடு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் போனார்கள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அதனால், கல்லூரியில் சேரும் முன் இரண்டாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், வாரத்துக்கு எத்தனை பீரியட் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு கல்லூரி பாருங்கள். வேலையை இப்போது விட முடியாது என்றால் பி.எட்.டைத் தள்ளிப்போடுங்கள்.

தொலைதூரக் கல்வியில் முடிப்பது

அது ஏற்கெனவே பணியில் இருக்கும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு. உங்களுக்கு இல்லை.

டெட் தேர்ச்சியை வேலை என்று எண்ணுவது

டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். பொதுப்பிரிவுக்கு 90 வேண்டும். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், அவ்வளவுதான். 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, அரசுப் பள்ளிப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். டெட் முடிந்ததும் கம்பெனியில் ராஜினாமா கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரப்படாதீர்கள்.

தமிழை விட்டுவிடுவது

அந்தப் போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 50-க்கு 20 எடுக்காவிட்டால் உங்கள் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் பிரெஞ்சோ இந்தியோ எடுத்தவர்கள் இதைக் கடைசி மாதத்தில்தான் கவனிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இன்றே வாங்குங்கள். தேர்வுக்கு மட்டுமல்ல, தமிழ்வழி வகுப்பில் விகிதமுறு எண், பகா எண் என்று தடங்கலில்லாமல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்லைடை நம்பி வருவது

கரும்பலகையில் நேராக எழுதப் பழகுங்கள்.

கணினி வேலை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது

நீங்கள் ஐடி என்று தெரிந்த நாளே எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், பழுதான பிரிண்டர் எல்லாம் உங்களிடம் வந்து சேரும். சக ஆசிரியர்களுக்கு உதவுங்கள், அவர்கள் உண்மையாகவே திணறுகிறார்கள். ஆனால் இதையெல்லாம் ஓய்வு பீரியடில் மட்டும்தான் செய்வேன், என் வகுப்பு நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் தலைமை ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டார்.