மரக்கொல்லையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராகி நெருக்கமாக விழுந்துவிட்டால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நாமாகவே சில பயிரைப் பிடுங்கிக் கலைத்து விடுகிறோம். அதே கை தேக்கங்கொல்லைக்குள் போனால் கூசுகிறது. "வளர்ற மரத்தை எதுக்கு வெட்டணும்?" என்று பாலக்கோட்டிலும் கேட்கிறார்கள், அஞ்செட்டியிலும் கேட்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பார்த்த தோப்புகள் பல வீணானதற்கு வறட்சியைவிட இந்தத் தயக்கமே பெரிய காரணம்.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கரில் ஆறடிக்கு ஆறடி தேக்கு வைத்தார். ஏக்கருக்கு சுமார் 1,200 கன்று. 18 வருடம் ஒரு மரத்தையும் தொடவில்லை. வாங்க வந்த வியாபாரி ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கழிக்குத்தான் போகும்ணா" என்று சொல்லிவிட்டார். மனசு கேட்காமல் ஒரு மரத்தை அறுத்துப் பார்த்தோம். அடிக்கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் தேக்கின் ஆண்டு வளையம் கண்ணுக்கே தெரியும். நடுவிலிருந்து முதல் ஆறு வளையங்கள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். அதற்கு வெளியே, நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப் போல வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆறாம் வருடத்தில் கிளையும் கிளையும் முட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த மரங்கள் பருக்கவே இல்லை, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நம்மூரில் வருடத்துக்கு சுமார் 850 மி.மீ. மழை. அதை 1,200 மரம் பங்கு போட்டால் ஒன்றுக்கும் வயிறு நிறையாது.

ஆறடி இடைவெளியில் நட்டிருந்தால் ஐந்தாம் வருடம் மூலைவாட்டில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். ஏக்கருக்கு 600 மரம் மிஞ்சும். பத்தாம் வருடம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்தால் 300 மரம், பன்னிரண்டு அடி இடைவெளியில் நிற்கும். அதற்கப்புறம் வரிசைக் கணக்கு உதவாது. ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து கோணல், கவட்டை, அடியில் பொந்து, பக்கத்து மரத்தின் நிழலில் சோர்ந்தது என்று பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்பதை மரம் விற்கும் டிப்போவின் கணக்கே சொல்லும். சுற்றளவை அங்குலத்தில் அளந்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தின் அடிக்கணக்கால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. பத்தடிக் கட்டை 36 அங்குலச் சுற்றளவு இருந்தால் 5.6 கன அடி. அதுவே 48 அங்குலமானால் 10 கன அடி. பருமன் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, மரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பருத்த கட்டைக்குக் கன அடி விலையும் அதிகம் கிடைக்கும்.

அடுத்தது தீ. மாசி, பங்குனியில் சருகு கணுக்காலை மூடும். பாம்பு பயத்தில் ஒரு குச்சி கிழித்துப் போட்டுவிடுகிறோம். வெளியே பார்த்தால் அடிமரத்தில் கருப்புத் தழும்பு மட்டும்தான் இருக்கும். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சையும் கரையானும் உள்ளே போகும், வெட்டுகிற அன்றைக்குத்தான் அடிக்கட்டை கூடாகிப் போனது தெரியவரும். பறவை போட்ட எச்சத்தில் முளைத்த வேம்பும், தானாக முளைத்த உசிலையும் அந்தத் தீயிலேயே கருகிப்போகும். தையிலேயே தோப்பைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் செத்தையில்லாமல் செதுக்கி வையுங்கள். உள்ளே கிடக்கும் சருகு அப்படியே கிடக்கட்டும், அது மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

காட்டோரக் கொல்லைகளில் புதராக மண்டும் உண்ணிச்செடியை இடுப்பளவில் வெட்டிப் போடுவது வெட்டி வேலை, மறு மழைக்கு இன்னும் அடர்ந்து வரும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரோடு வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். பழம் பிடிப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

சந்தனம் வைத்தவர்கள் துணைச் செடியைக் களை என்று பிடுங்கிவிடுகிறார்கள். சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பதித்து உறிஞ்சி வாழும் மரம். கன்றின் பக்கத்தில் துவரையோ அகத்தியோ இருக்க வேண்டும், வளர்ந்த பிறகு சவுக்கு போல ஒரு துணை மரம் வேண்டும். நம் பட்டாவில் நாமே வளர்த்தாலும் சந்தனத்தை வனத்துறை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கன்று நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் அடங்கல் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். இருபது வருடம் கழித்து, "இது உன் மரம்தானா?" என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

கல்யாணச் செலவு, வீடு கட்டும் செலவு என்று முழுத் தோப்பையும் ஒரே வருடத்தில் மொட்டையடிப்பது எனக்கு ஆறாத வருத்தம். மேல் மண் ஒரே மழையில் ஓடைக்குப் போய்விடும். கொல்லையை ஐந்தாறு பாகமாகப் பிரித்து, சில வருடத்துக்கு ஒரு பாகமாக எடுத்தால் எந்த நாளும் நிற்கிற மரம் இருக்கும். இதில் இன்னொரு தவறும் உண்டு. எந்த மரம் என்பதை வியாபாரியிடம் விட்டுவிடுகிறோம். அவர் நேரான, பருத்த மரமாக எடுத்துக்கொண்டு கோணலை நமக்கு விட்டுப் போவார். பிறகு விதை விழுவதும் அந்தக் கோணல் மரத்திலிருந்துதான். அவர் வருவதற்கு முந்தின நாளே நீங்கள் பெயின்ட் டப்பாவோடு நடந்து, நெஞ்சளவில் ஒரு குறி, தரையோடு ஒட்டி ஒரு குறி என்று இரண்டு இடத்தில் போடுங்கள். லாரி போன பிறகு அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தால் குறியில்லாமல் போன மரம் எது என்று தெரிந்துவிடும்.

தேக்கை இலை உதிர்த்து நிற்கும்போது, தரையை ஒட்டி, தண்ணீர் நிற்காதபடி சாய்வாக அறுக்கச் சொல்லுங்கள். கோடை மழைக்கு அந்தக் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும். திடமான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், மறு வருடம் அதிலும் ஒன்றை எடுத்துவிடுங்கள். அது ஆள் உயரத்தைத் தாண்டும் வரை ஆடு உள்ளே வராமல் முள் அடைத்து வையுங்கள்.