பழைய மர டெக் நின்ற மண்ணில் ஆர்செனிக்: பெரணி வளர்த்து அளவைக் குறைக்கும் முறை

அமெரிக்காவில் 2003-க்கு முன் கட்டிய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். பின்கட்டில் இருந்த மர டெக்கை, அதாவது வெளியே உட்காரப் போட்ட பலகை மேடையை, பிரித்தாயிற்று. அந்த இடத்தில் கீரைப் பாத்தி போடலாம் என்று யோசனை. விதை வாங்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள்.

அந்தக் காலத்து டெக் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கறையான் அரிக்காமல், உளுத்துப்போகாமல் இருக்க சிசிஏ என்ற மருந்து ஏற்றியிருப்பார்கள். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவை. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம் என்ற இந்தியர். மரத்தைக் காப்பதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதிலுள்ள ஆர்செனிக் விஷம், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து கீழே இறங்கும். கனெக்டிகட் மாநிலத்தில் டெக்குகளுக்கு அடியில் மண் எடுத்துப் பார்த்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ மண்ணுக்குச் சராசரியாக 76 மில்லிகிராம் ஆர்செனிக் இருந்தது. பக்கத்திலேயே டெக் இல்லாத மண்ணில் 3.7 மில்லிகிராம்தான். மண்ணில் 12 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கனடா வைத்திருக்கும் வரம்பு. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த மரம் நின்றது. மரம் போனாலும் மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கும். ஆர்செனிக் ஒரு தனிமம், மட்கி அழியாது. யாராவது எடுத்து வெளியே கொண்டுபோனால்தான் உண்டு.

அந்த வேலையைச் செய்ய ஒரு செடி இருக்கிறது. டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி. நம் ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவர் இடுக்கிலும் கிணற்றுச் சுவரிலும் தானாக முளைத்து நிற்குமே, அதே செடிதான். ஃபுளோரிடாவில் மரத்துக்கு மருந்தேற்றிக் கைவிட்ட ஓர் இடத்தில் ஆய்வாளர் லீனா மா குழுவினர் இதைக் கண்டு 2001-இல் அறிவித்தார்கள். அங்கே வளர்ந்த இலைகளில் கிலோவுக்கு 3,280 முதல் 4,980 மில்லிகிராம் வரை ஆர்செனிக் இருந்தது. வேறு செடியாக இருந்தால் கருகியிருக்கும். இது பாஸ்பேட்டை உறிஞ்சும் அதே வாசல் வழியாக ஆர்செனிக்கை உள்ளே இழுத்து, வேரில் தேக்காமல் இலைக்கு அனுப்பி, செல்லின் நீர்ப்பைக்குள் பூட்டி வைத்துவிடுகிறது. விஷம் இலைக்கு வருவதால்தான் நம்மால் அதை அறுத்து அகற்ற முடிகிறது.

முதலில் மண் சோதனை

உரச்சத்து பார்க்கும் வழக்கமான மண் பரிசோதனையில் ஆர்செனிக் வராது. "மொத்த ஆர்செனிக், குரோமியம், செம்பு, ஈயம்" என்று எழுதிக் கேளுங்கள். அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் கருவியில் பார்க்கும் ஆய்வகம் வேண்டும். கையில் பிடித்து மண்ணில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு யாராவது வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஈயமும் ஆர்செனிக்கும் அந்தக் கருவியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரியும். பழைய பெயின்ட் உதிர்ந்த மண்ணில் அது காட்டும் ஆர்செனிக் அளவை நம்ப முடியாது.

பலகை இடுக்கு வழியாக நீர் சொட்டிய கோடுகளிலும் தூண் நின்ற குழிகளைச் சுற்றியும் அளவு அதிகமாக இருக்கும். அதனால் 10 சதுர மீட்டர் இடத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, கட்டத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். எடுத்த இடங்களை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில்தான் திரும்ப எடுக்கப் போகிறீர்கள். தோண்டும் முன் மண்ணை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், தூசி பறக்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

பலர் தவறவிடும் இடம் இதுதான். 10 சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்றால் 1.5 கன மீட்டர் மண், ஏறக்குறைய 1,950 கிலோ. அதில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 78 கிராம் ஆர்செனிக். 12-க்கு இறக்க சுமார் 55 கிராம் வெளியே வர வேண்டும்.

30 செ.மீ. இடைவெளியில் 110 செடி பிடிக்கும். செடிக்கு ஆண்டுக்கு 50 கிராம் காய்ந்த இலை என்று வைத்தால் 5.5 கிலோ. அந்த இலையில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் ஏறினால் ஆண்டுக்கு 11 கிராம் வெளியேறும். ஆக ஐந்து ஆண்டு. எல்லாம் நன்றாக அமைந்தால் வரும் கணக்கு இது. மண்ணில் ஆர்செனிக் குறையக் குறைய இலையில் ஏறுவதும் குறையும் என்பதால் ஏழெட்டு ஆண்டு ஆகும் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 76-இல் தொடங்கினால் இதே கணக்கில் பதினோரு ஆண்டு தாண்டும். அப்படிப்பட்ட கட்டங்களில் மேல் மண்ணை உரிய ஆட்களை வைத்து அள்ளி மாற்றிவிட்டு, மீதி இடத்துக்குப் பெரணி வைப்பதே சரி. சிறு குழந்தைகள் விளையாடும் இடமானால் ஏழு ஆண்டு காத்திருப்பதும் எங்கள் பார்வையில் சரியல்ல. மண்ணை மாற்றிவிடுங்கள்.

நடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு

அறுத்த இலையை எங்கே கொடுப்பது என்று உங்கள் கவுன்டியின் கழிவு அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். அறுவடைக்குப் பிறகு கேட்டால், ஆர்செனிக் நிறைந்த மூட்டைகள் கராஜில் கிடக்கும்.

செடியைச் சரியாக அடையாளம் காணுதல்

நர்சரியில் பெரணி கேட்டால் நெஃப்ரோலெப்பிஸ் வகையைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதற்கு ஆர்செனிக்கை இப்படிச் சேர்க்கும் திறன் இல்லை. ஒரு முதிர்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். டெரிஸ் விட்டேட்டாவில் சிற்றிலையின் இரு ஓரங்களையும் ஒட்டிப் பழுப்பு நிறத்தில் தையல் போட்டதுபோல நீளக் கோடு ஓடும், அதுதான் வித்துத்தூள். நெஃப்ரோலெப்பிஸில் அது தனித்தனிப் புள்ளியாக இருக்கும். இன்னொரு அடையாளம், டெரிஸின் நுனியில் மற்ற சிற்றிலைகளைப் போலவே நீளமான ஒற்றைச் சிற்றிலை நீட்டிக்கொண்டிருக்கும்.

வித்துத்தூளிலிருந்து வளர்க்கலாம், ஆனால் நடும் அளவுக்கு வளரப் பல மாதம் பிடிக்கும். முதல் முறை செய்பவர்கள் 10 செ.மீ. தொட்டியில் வளர்ந்த நாற்றாக வாங்குவது நல்லது.

நடவும் பராமரிப்பும்

கடைசிப் பனி போன பிறகு நடுங்கள். கடும் உறைபனி இந்தச் செடியைக் கொன்றுவிடும். ஃபுளோரிடா, ஹூஸ்டன் பக்கம் பல ஆண்டு நிற்கும். நியூஜெர்சியில் ஒவ்வொரு வசந்தத்துக்கும் புதிதாக நட வேண்டியிருக்கும், செலவையும் அப்படியே கணக்கிடுங்கள்.

அரை நிழல் இதற்குப் போதும். மண் அமிலமாக இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் முளைக்கும் செடிக்குச் சுண்ணாம்பு பிடிக்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை. பிஎச் 6 அளவில் உள்ள மணற்பாங்கான மண்ணுக்கு 10 சதுர மீட்டருக்கு 2 முதல் 2.5 கிலோ தோட்டச் சுண்ணாம்புத் தூள் கலந்தால் போதும். தழைச்சத்துக்கு அதே 10 சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராம் யூரியாவை இரண்டு தவணையாகக் கொடுங்கள்.

டிஏபி, சூப்பர் பாஸ்பேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். பாஸ்பேட் மண் துகளிலிருந்து ஆர்செனிக்கைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். தள்ளப்பட்டது நிலத்தடி நீர் நோக்கி இறங்கலாம். வேரின் வாசலிலும் அது ஆர்செனிக்கோடு போட்டி போடும். ஈயத்துக்கு இது நேர்மாறு: பாஸ்பேட் ஈயத்தைக் கரையாத உப்பாகக் கட்டிப்போடும் என்பதால் ஈய மண்ணுக்கு அதையே மருந்தாகப் போடுவார்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஆர்செனிக் மண்ணில் போடுவதுதான் நடக்கிற பெரிய தவறு.

சொட்டு நீர் விடுங்கள், மண் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் ஆர்செனிக் எளிதில் நகரும் வடிவத்துக்கு மாறி, இலைக்குப் போவதற்குப் பதில் கீழே போகும். ஆடு, நாய், குழந்தை யாரும் நுழையாதபடி வலை கட்டுங்கள்.

அறுவடை

ஆண்டுக்கு ஒரு முறை, உறைபனிக்கு முன், இலை பச்சையாக இருக்கும்போதே. சுருண்டு நிற்கும் இளங்குருத்துகளையும் அடித்தண்டையும் விட்டுவிட்டு, விரிந்த இலைகளைக் கத்தரியுங்கள். முதிர்ந்த இலையில்தான் ஆர்செனிக் அதிகம். அது காய்ந்து மழையில் நனைந்தால் சேர்த்ததெல்லாம் மண்ணுக்கே திரும்பிவிடும். இடையில் மஞ்சளாகும் இலைகளை வாரம் ஒருமுறை பொறுக்கிவிடுங்கள். புல் வெட்டும் இயந்திரத்தை அங்கே ஓட்டாதீர்கள். அது இலையைத் தூளாக்கி அங்கேயே தூவிவிடும்.

அறுத்ததை மழை படாத இடத்தில் தார்ப்பாய் மேல் காயவைத்து, இரட்டைப் பையில் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதுங்கள். உரக்குழியில் போட்டால் வடியும் நீரில் ஆர்செனிக் இறங்கும். கொளுத்தினால் புகையில் போவது ஆர்செனிக் ஆக்சைடு, சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே அதே பொருள். பழைய டெக் பலகைகளையும் எரிக்கக் கூடாது, சாம்பலில் விஷம் செறிந்து நிற்கும்.

அளவு இறங்குகிறதா?

ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதத்தில், அதே புள்ளிகளில், அதே ஆய்வகத்தில். ஒரே ஆண்டில் 40 என்பது 35 ஆனால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு கை தள்ளி மண் எடுத்தாலே அந்த அளவு மாறும். இலையையும் ஒரு மாதிரி சோதித்து, காய்ந்த எடையோடு பெருக்கினால் எத்தனை கிராம் வெளியேறியது என்று தெரியும். மண் சோதனையைவிட இது நம்பத்தக்கது.

பெரணி ஆர்செனிக்கை மட்டுமே எடுக்கும். சிசிஏ-வின் செம்பும் குரோமியமும் மண்ணிலேயே இருக்கும், அவற்றின் அளவைத் தனியாகப் பாருங்கள். ஈயத்துக்குக் கடுகு நடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஈயம் மண்ணில் கரையாமல் ஒட்டிக்கிடப்பதால் கடுகு தானாக இழுப்பது மிகக் குறைவு. இழுக்க வைக்க, ஈயத்தைக் கரைய வைக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றினால் ஈயம் செடியைத் தாண்டி நிலத்தடி நீருக்குப் போகும். வீட்டுத் தோட்டத்தில் அதைச் செய்யாதீர்கள். வெட்டிவேரோ புல்லோ அடர்த்தியாக வளர்த்துத் தூசி எழாமல் மூடிவையுங்கள்.

எல்லாக் கட்டமும் இரண்டு ஆண்டு தொடர்ந்து 12-க்குக் கீழே காட்டிய பிறகு, 15 முதல் 30 செ.மீ. ஆழத்திலும் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பெரணிகளை வேரோடு பிடுங்கி இலை மூட்டைகளோடு அனுப்பிவிட்டு, கீரை விதைக்கலாம். அதுவரை கீரைக்கு வேறு மூலையில் சுத்தமான மண் நிரப்பிய உயர்த்திய பாத்தி போட்டுக்கொள்ளுங்கள்.