இழைப்புளி: கனமானதா, லேசானதா? கையால் சோதித்துப் பார்க்கும் முறை

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியை முதன்முதலில் வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு மூன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமானதுதான் நல்ல சாமான் என்று எடுத்துவருவார்கள். மரத்தைச் சீவுவது தகடு. எடை அதற்குத் துணை, சில வேலைகளில் இடைஞ்சலும்கூட. நண்பரிடம் எடை வேறான இன்னொன்று இரவல் வாங்கி, இரண்டையும் வைத்து இப்படிச் செய்து பாருங்கள்.

1. எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். ஸ்டான்லி என்ற கருவி நிறுவனம் தன் இழைப்புளிகளுக்கு எண் போட்டிருக்கிறது; அதன் 4-ஆம் எண் மாதிரியில் வரும் இரும்பு இழைப்புளி சுமார் 1.7 கிலோ இருக்கும். 5-ஆம் எண் 2 கிலோவைத் தாண்டும். 22 அங்குல நீளமுள்ள 7-ஆம் எண் 3.5 கிலோவுக்கும் மேல். மரக்கட்டையில் செய்தவை பெரும்பாலும் இவற்றைவிட லேசு.

2. இரண்டின் தகட்டையும் தீட்டுங்கள். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் கிழியாமல் அறுபட வேண்டும். இதைத் தாண்டிக்கொண்டு எடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மழுங்கிய தகடு நாருக்குள் இறங்காமல் மேலே ஏறப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிக்கக் கூடுதல் அரைக் கிலோ எந்த மூலைக்கு?

3. இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு இழுங்கள். எடை கூடினால் உராய்வும் கூடும் என்பதால், கனமானதில்தான் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

4. கணு உள்ள வேப்பம் பலகையை மேசையில் அசையாமல் இறுக்குங்கள். பின்னால் பிடித்த விரல் தெரிகிற அளவு மெல்லிய சுருள் வரும்படி தகட்டை வைத்து, நார் போக்கிலேயே தள்ளுங்கள். லேசானது கணுவில் தடுக்கும். உடம்பைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும். கனமானது வந்த வேகத்திலேயே கணுவைக் கடந்துவிடும், அதிர்வும் குறைவு. ஆனால் தள்ளிய ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப இழுக்கவும் வேண்டுமே! கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கணக்குச் சொல்லும்.

5. பலகையின் முனையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் முன்கையால் அழுத்தி, போகப்போக அழுத்தத்தைப் பின்கைக்கு மாற்றுங்கள். கடைசியில் இழைப்புளியின் முன்பாதி பலகைக்கு வெளியே தொங்கும். கனமானதென்றால் அந்தப் பாரமே மூக்கைக் கீழே இழுத்து, பலகையின் முனையைச் சரித்துவிடும். மூலைமட்டத்தை நிமிர்த்தி வைத்து அதன் நேர் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பின்கை இன்னும் அழுத்த வேண்டும்.

மேடுபள்ளமான பலகையை நிறையச் சீவித் தள்ள லேசானது. நாருக்குக் குறுக்கே வெட்டிய பலகை முனையின் முகத்தைச் சீவ கனமானது. மாட்டிய கதவைக் கழற்றாமல் மேல் விளிம்பைச் சீவ, ஒரு கையில் அடங்கும் சின்ன இழைப்புளி. ஜப்பானியத் தச்சர்களின் ‘கன்னா’ வெறும் ஓக் கட்டையும் தகடும்தான். தள்ளாமல் தன்பக்கம் இழுத்தே கண்ணாடிபோல் இழைத்துவிடுகிறார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4-ஆம் எண்ணை எடுங்கள். மிச்சக் காசுக்கு நல்ல தீட்டுக்கல்.